பச்சைக் குளமும் மனச்சான்றும்

விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரம் மன்னாவைப் பற்றிப் பேசுகிறது. வானிலிருந்து இறங்கிய அந்த உணவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவு மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. மறுநாளுக்கென்று மீத்து வைத்தவர்களிடம் அது புழுத்து நாறியது. மறையுரைகளில் இப்பகுதியைப் பேராசைக்கு எதிரான எச்சரிக்கையாகவே பெரும்பாலும் விளக்கி வருகிறோம். அவ்விளக்கம் சரியே. எனினும் அங்கே நின்று நோக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. புழுத்தது நஞ்சன்று, இறைவன் தந்த உணவு. முந்தின நாள் காலையில் உயிர் காத்த அதே பொருள். நன்மையான ஒன்று, தன் இயல்பில் நன்மையாகவே இருந்துகொண்டு, கேட்டையும் விளைவிக்குமா? விளைவிக்குமெனில் அக்கேட்டுக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடையை நம் ஊர்க் குளங்களிலும் கடலிலும் தேடிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

நகரை ஒட்டிய குளம் கோடையில் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் கிடப்பதை நம் வாசகர் பலரும் கண்டிருப்பர். பாசி பிடித்துவிட்டது என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்கிறோம். அந்தப் பச்சை, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி உயிர்களின் கூட்டம். நீரின் போக்கில் மிதந்து வாழ்வதால் இவற்றை மிதவை உயிரிகள் என்பர். பிளாங்டன் என்னும் பெயருக்குக் கிரேக்கத்தில் அலைந்து திரிவன என்று பொருள். இவற்றுள் தாவர வகை, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. விலங்கு வகை அதைத் தின்கிறது. அதைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. நம் வீட்டுக் குழம்பில் கிடக்கும் மீன் எதுவாயினும் அதன் சங்கிலியின் முதல் கண்ணி பெரும்பாலும் இந்தப் பச்சைத் துளியே.

முத்துக்குளித்துறைக்கு உலகப் புகழ் தந்த முத்துச்சிப்பியும் இதற்கு விலக்கன்று. 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வருவதற்கு முன்பிருந்தே நம் மக்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த அச்சிப்பி, கடலடிப் பாரில் ஒட்டிக்கொண்டு, நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள மிதவை உயிரிகளை வடிகட்டி உண்டே வாழ்கிறது. தூத்துக்குடியில் பழைய முறை முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. பின்னர் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் 1973-இல் வளர்ப்பு முத்தையும், 1981-இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கிக் காட்டினர். அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டப்பட்டது ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி. அதைக் குடுவையில் வளர்க்க நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சிற்றளவில் நிறுத்துச் சேர்க்க வேண்டும். குளத்தைப் பச்சையாக்கி மீனைக் கொல்லும் சரக்கும் இதுவே. குடுவையருகே தராசு இருந்தது. குளத்தருகே தராசு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்தச் சரக்கைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது. உயிர்கள் எல்லாம் ஒரு சமையற்குறிப்பின்படி ஆனவை போலும். கடலின் மிதவை உயிரிகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரெட்ஃபீல்டு, அவற்றின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறத்தாழ 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் இருப்பதைக் கண்டார். கார்பன் காற்றிலிருந்து கிடைக்கும். நைட்ரஜனையும் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகள் உண்டு. பாஸ்பரஸ் அப்படியன்று, பாறையும் மண்ணும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. ஆகவே நன்னீர் ஏரிகள் பலவற்றில் பாசியின் பெருக்கத்துக்குக் கடிவாளமாக இருப்பது பாஸ்பரஸின் பற்றாக்குறை. அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இருந்தாலும் உப்பு ஒரு பிடிதான் உண்டென்றால், அந்த ஒரு பிடி உப்புக்கு ஏற்பத்தானே விருந்து சமைக்க முடியும்? உப்பளங்களின் ஊரில் இவ்வுவமை எடுபடுமோ என்று தெரியவில்லை. ஆயினும் பொருள் விளங்கும்.

இதைக் கண்கூடாகக் காட்டிய சோதனை 1973-இல் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்தது. ஷிண்ட்லர் என்னும் அறிவியலாரும் அவருடைய குழுவினரும் 226 என்று எண்ணிடப்பட்ட சிறிய ஏரியின் இடுப்புப் பகுதியில் திரையிட்டு அதை இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் இட்டனர். சில வாரங்களில் அந்தப் பாதி பச்சைக் கூழாக மாறியது; மறு பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் பரவியது. கேட்டுக்குக் காரணம் பாஸ்பரஸ் அன்று, கார்பனே என்று அதுவரை வாதிட்டு வந்த சலவைத்தூள் தொழிலாரின் வாதம் அத்துடன் வலுவிழந்தது.

குளத்துக்குள் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? வயலில் இட்ட உரம் மழையோடு வழிந்து வருகிறது. பாஸ்பேட் கலந்த சலவைத்தூளின் நுரையில் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் உடல்களிலிருந்தே வருகிறது. உண்ட உணவின் பாஸ்பரஸ், ஒரு மனிதரிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ அளவில் மலமூத்திரத்தோடு வெளியேறுகிறது. இவற்றுள் எதைக் குற்றம் என்பது? உரமிடாத வயலில் விளைச்சல் ஏது? 1975 முதல் யூரியா உற்பத்தி செய்த நகரம் நம்முடையது. அந்த உரம் தமிழகத்தின் எத்தனையோ உலைப்பானைகளைப் பொங்க வைத்தது. துணி துவைப்பது தூய்மை. கழிவை வெளியேற்றுவதோ உயிரோடிருப்பதன் அடையாளம். ஒருவர் ஒரு வாளி நீரைச் சாக்கடையில் ஊற்றும்போது எந்தக் கட்டளையையும் மீறுவதாகத் தோன்றவில்லை. ஒரு வாளியால் குளம் கெடுவதுமில்லை.

ஆயிரம் வாளிகள் சேரும்போது நடப்பதைப் பார்ப்போம். பாசி பெருகுகிறது. மேற்பரப்பில் அது தடித்துப் படர, அடியில் ஒளி புகுவதில்லை. அடிநீர்ச் செடிகள் மடிகின்றன. விலங்கு மிதவைகள் தின்னத்தக்க மென்மையான பாசிகள் பின்வாங்க, தின்னுதற்கு ஏலாத, சில வேளைகளில் நஞ்சும் சுரக்கிற நீலப்பச்சைப் பாசி அரசாளத் தொடங்குகிறது. பகலில் இவை ஆக்சிஜனை அள்ளி வழங்குவதால் குளம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். இரவில் ஒளியில்லை, சுவாசம் மட்டும் உண்டு. கொடுத்தவையே எடுத்துக்கொள்கின்றன. இதனோடு, செத்து அடியில் வீழ்ந்த பாசியை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் தம் பங்கை எடுக்கின்றன. விடிவதற்குச் சற்று முன்னர் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நேரம். நாம் காலைச் செபத்துக்கு மணியடிக்கும் அவ்வேளையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. 2016 மார்ச்சில் பெங்களூருவின் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது, கழிவுநீர்க் கலப்பும் ஆக்சிஜன் குறைவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. தமிழர் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி அது.

இந்நோய்க்கு அறிவியலார் இட்ட பெயர் யூட்ரோஃபிகேஷன். குருமடத்தில் கற்ற சிறிது கிரேக்கம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. அதன் வேர்ச்சொல்லுக்கு நன்கு ஊட்டம் பெற்றது என்று பொருள். நல்லூட்டம் என்னும் பெயரில் ஒரு நோய்! தீமை என்பது தனியாக நிற்கும் பொருளன்று, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற் போதலே அது என்றார் புனித அகுஸ்தினார். கொழுத்துச் செழித்த குளம் அவர் கூற்றைப் பொய்யாக்குவதுபோல் முதலில் தோன்றும். இறந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதே மெய் என்று விளங்கும். அது நஞ்சுண்டு சாகவில்லை. மூச்சுக்காற்று இல்லாமல் செத்தது. மிகுதி ஈன்ற குழந்தையின் பெயர் இல்லாமை.

நம் கடலிலும் இதற்கு ஒப்பானவை நிகழ்ந்துள்ளன. கடலில் பாசி பூத்து நீர் பச்சையாவதை நம் கடற்கரை மக்கள் பூங்கோரை என்பர். நாக்டிலூக்கா என்னும் மிதவை உயிரி பெருகுவதால் வருவது அது. 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் அது பெருகியபோது மீன்களும் பிற உயிர்களும் மடிந்தன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீல ஒளி வீச, மக்கள் திரண்டு சென்று படமெடுத்து மகிழ்ந்தனர். அந்த ஒளிக்கும் இவ்வினமே காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே மண்டபம் பகுதித் தீவுகளைச் சூழ்ந்த கடல் பச்சையாயிற்று. நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் மட்டுமல்ல, விரைந்து வளரும் பவளப்பாறை இனங்களும் மூச்சடைத்து மாண்டதைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2020-இல் பதிவு செய்தனர். காற்று, நீரோட்டம், மழை, வெப்பம் என்று இப்பெருக்கத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் சாக்கடையின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் கரையிலிருந்து வழியும் ஊட்டம் அந்த அடுப்புக்கு இடும் விறகு என்பதில் ஐயமில்லை.

இனி, அறம் பற்றிய கேள்விக்கு வருவோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி வாசகர் நினைவுக்கு வந்திருக்கும். அழகான பழமொழிதான், ஆனால் இங்கே அது போதாது. அது உண்பவனை எச்சரிக்கிறது. அமிர்தத்தை மிஞ்சி உண்டவன் தானே துன்புறுவான். குளத்தின் கதையில் ஊற்றுகிறவர் ஒருவர், சாகிறது வேறொன்று. மாடிவீட்டுக் குழாயிலிருந்து புறப்படும் நீர் தெருச் சாக்கடை வழியே பக்கிள் ஓடையில் சேர்ந்து, திரேஸ்புரம் பகுதியில் கடலை எட்டும்போது, அதைக் காலால் துழாவி நடப்பவர் மாடிவீட்டார் அல்லர். வள்ளத்தைத் தள்ளும் மீனவர். தன் மிகுதியைப் பிறர் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவதில் வெறும் அளவின்மைக்கு மேலாக நீதியின்மையும் கலந்திருக்கிறது.

ஆனால் கொட்டுகிறவரின் மனத்தில் தீய நோக்கம் ஏதுமில்லையே என்று கேட்கலாம். செயலின் பொருள், நோக்கம், சூழ்நிலை என்னும் மூன்றையும் கொண்டே ஒரு செயலின் நன்மை தீமையை எடைபோட வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது. சூழ்நிலையை ஆராயப் புனித தோமா அக்குவினாஸ் காலத்திலிருந்தே கேள்விகளின் வரிசை ஒன்று வழங்கி வருகிறது: யார், எது, எங்கே, எதன் துணையால், ஏன், எவ்வாறு, எப்போது. குருமட மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்த வரிசை. அதில் ஒரு கேள்வி இல்லை: இதே செயலை இன்னும் எத்தனை பேர் செய்கின்றனர்? குளத்தங்கரையில் எல்லாவற்றையும் முடிவு செய்கிற கேள்வி அதுதான். பத்து வீடுகள் மட்டுமே உள்ள சிற்றூரில் வாளி நீரைக் கொல்லையில் ஊற்றினால் வாழை செழிக்கும். அதே நீர், அதே கை, அதே நோக்கம், இலட்சம் வீடுகளுள்ள நகரில் ஓடையைக் கொல்கிறது. என் செயலின் சூழ்நிலையில் என் அயலானும் அடங்கிவிட்டான். முன்னோர் இக்கேள்வியைக் கேட்காததற்கு அவர்களைக் குறைகூற முடியாது. அவர்கள் வாழ்ந்த ஊர்கள் சிறியவை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் ஒப்புரவு பற்றிய திருமடலிலும், 1987-இல் சமூக அக்கறை பற்றிய சுற்றுமடலிலும் பாவ அமைப்புகளைப் பற்றி எழுதினார். தனி மனிதரின் பாவங்கள் திரண்டு உறைந்து, ஒருவராலும் தனியே அசைக்க முடியாத அமைப்பாக நிற்கின்றன என்பது அவர் தரும் விளக்கம். ஆழமான சிந்தனை. எனினும் நம் ஓடையில் திரள்பவை பாவங்கள் அல்ல, குற்றமற்ற செயல்கள். குற்றமற்றவை பல சேர்ந்து எப்படிக் குற்றமாகும்? பூச்சியத்தை ஆயிரத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தானே?

பாவத்தை வாளியில் தேடும்வரை இப்புதிர் அவிழாது என்பதே நம் கருத்து. வாளி குற்றமற்றது, இறுதிவரை குற்றமற்றதுதான். ஆனால் ஓடையின் நிலை தெரிந்த நாள் முதல், அதை மாற்ற ஒன்றுகூடாமல் இருப்பது என்னும் வேறொரு செயல் தொடங்குகிறது. செய்யாமை என்னும் செயல். சாக்கடை இணைப்புக்குக் கட்ட வேண்டிய தொகையைத் தட்டிக்கழிப்பது, கழிவுத்தொட்டியின் வாயை இரவோடிரவாக மழைநீர் வடிகாலில் திறந்துவிடுவது, வார்டு கூட்டத்தில் இதுபற்றிப் பேச்செழும்போது எழுந்து போய்விடுவது: இவை பூச்சியங்கள் அல்ல. இவற்றைக் கூட்டினால் தொகை வரும். நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த ஆன்ம சோதனை வரிசையில் இவை இடம்பெறவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலிலும், படைப்பைப் பேணுதலை இரக்கச் செயல்களோடு சேர்க்க விரும்பி 2016-இல் விடுத்த செய்தியிலும் இவற்றுக்கு இடம் கொடுத்தார். இப்பொறுப்பும் எல்லார்மேலும் ஒரே எடையில் விழுவதன்று. கழிப்பறையே இல்லாத குடிசைக்கும், மூன்று குளியலறை கொண்ட வீட்டுக்கும் ஒரே மறையுரை கூற இயலாது.

மனிதர் ஒன்றுகூடினால் நீர் தெளியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் சுற்றுப்புற ஊர்களின் கழிவுநீர் விடப்பட்டு, 1955-இல் நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. வரப்போவதை எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர் முன்கூட்டியே கணித்து எச்சரித்தார். ஊர்கள் இணைந்து கழிவுநீர் அமைப்பை உருவாக்கும் திட்டம் 1958-இல் வாக்கெடுப்பில் ஒருமுறை தோற்று, அதே ஆண்டில் மறுமுறை வென்றது. மக்கள் தாங்களே செலவை ஏற்க வாக்களித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாகத் திருப்பிவிடப்பட, ஒரு மீட்டர் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஏரி சில ஆண்டுகளில் தெளிந்தது. ஆனால் கழிவுநீர் போய்ச் சேர்ந்த இடம் ஆழமும் ஓட்டமும் மிக்க கடற்குடா. அவ்வழி நமக்கு உதவாது. ஆழமற்ற கரைக்கடலும், பவளப்பாறைகளும், 21 தீவுகளும் கொண்ட நமக்குக் கடல்தான் ஏரி. சுத்திகரித்த பின்னரே விட வேண்டும். முடிந்தால் விடாமலே பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆழமற்ற குளங்கள் வாஷிங்டன் ஏரியைப் போல் விரைவில் மன்னிப்பதில்லை. பல்லாண்டுகள் விழுந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து படிந்திருக்கும். அடியில் ஆக்சிஜன் அற்றுப்போனால் அப்பிணைப்பு அவிழ்ந்து, பழைய ஊட்டம் மீண்டும் மேலெழும். வெளியிலிருந்து ஒரு துளிக் கழிவும் வராத ஆண்டிலும் குளம் பச்சையாகும். பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதன் விளைவு எஞ்சி நிற்கும், அதற்குப் பரிகாரம் வேண்டும் என்று மறைக்கல்வியில் கற்றோம். இச்சேற்றைப் போல் அதை விளக்கும் பாடம் வேறில்லை. நம் முன்னோர் இப்பரிகாரத்தை வேறு பெயரில் செய்து வந்தனர். கோடையில் வற்றிய குளத்தின் கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினர். குளம் ஆழமாயிற்று, வயலிலிருந்து வழிந்த சத்து வயலுக்கே திரும்பியது. தமிழக அரசும் 2017-இல் உழவர் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தது. தாமிரபரணியின் கடைமடையில் கிடக்கும் கோரம்பள்ளம் குளம் முதலிய நம் நீர்நிலைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஆலைக்கழிவோ நகரச் சாக்கடையோ கலந்த சேற்றைச் சோதிக்காமல் வயலில் இடலாகாது.

வரும் அன்பியக் கூட்டங்களில் விவிலியப் பகிர்வுக்குப் பின் பதினைந்து நிமிடங்களை இதற்கென ஒதுக்கலாம். நம் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது, வழியில் எந்தக் கழிவுத்தொட்டிகள் அதில் திறந்துள்ளன, பாதாளச் சாக்கடை இணைப்பு எத்தனை வீடுகளுக்கு இன்னும் இல்லை, இணைப்புத் தொகை கட்ட இயலாத குடும்பங்களுக்குப் பங்கு எவ்வகையில் துணைநிற்கும் என்று பேசி, எழுதி, மாமன்ற உறுப்பினரிடம் நேரில் கொண்டு செல்லலாம். கூட்டத்துக்கு முன் ஒருநாள், ஓடை கடலைத் தொடும் இடம்வரை நான்கைந்து பேராக நடந்து சென்று பார்த்து வருவது நலம். விடியுமுன் சென்றால் வலையோடு திரும்பும் மீனவரையும் அங்கே காணலாம். நீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேட்டுக்கொள்ளலாம்.